ஆயாவின் விரலில் வெயில் எடுத்த படம்

நைனார்பாளையத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு ஓட்டுப் போடும் நாள் என்றால் ஒரு சின்னத் திருவிழா. 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதிக்கு வாக்குப்பதிவு. ஏழு மணிக்குத்தான் தொடங்கும். அம்மா ஆறு மணிக்கே நல்ல புடவை கட்டி, பூத் சிலிப்பைச் சுருக்குப்பையில் பத்திரப்படுத்திவிட்டார். "கூட்டம் சேர்றதுக்குள்ள வாங்கடி" என்று பக்கத்து வீட்டுப் பெண்களையும் கிளப்பிக்கொண்டு போனார்.

திரும்பி வந்ததும் என் மகளிடம் இடது ஆள்காட்டி விரலை நீட்டினார். நக நுனியிலிருந்து முதல் மூட்டு வரை ஊதா நிறத்தில் ஒரு மைக் கோடு.

"ஆயா, புளி போட்டுத் தேய்ச்சா போயிடுமா?"

"தேய்ச்சுத்தான் பாரேன் கண்ணு."

இருவரும் குழாயடியில் உட்கார்ந்தார்கள். புளி, சாம்பல், தேங்காய் நார் எல்லாம் ஆயிற்று. பக்கத்தில் கிடந்த பித்தளைச் சொம்பு பளபளத்தது. கோடு மட்டும் முன்னைவிடக் கறுத்திருந்தது!

அந்த மையில் வெள்ளி நைட்ரேட் கலந்திருக்கிறது. நம் வியர்வையில் உப்பு உண்டு அல்லவா? அந்த உப்போடு சேர்ந்து அது வெள்ளி குளோரைடாக மாறுகிறது. வெள்ளி குளோரைடு தண்ணீரில் கரையாது. அதன்மேல் வெளிச்சம் படப்பட, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெள்ளித் துகள்கள் பிரிந்து கறுப்பாகத் தெரியும். கொலுசில் வெண்மையாக மின்னுகிற அதே வெள்ளிதான், பொடியிலும் பொடியானால் கறுப்பு. வெள்ளி குளோரைடு ஊதா ஒளியில் சீக்கிரம் கறுப்பதை ஷீலே என்ற வேதியியலாளர் 1777லேயே கண்டு சொன்னார். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் உருவானதும் வெள்ளி உப்புகளின் இந்தக் குணத்தால்தான். ஆகவே ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரும் வழியில் சித்திரை வெயில் ஆயாவின் விரலில் ஒரு படம் எடுத்திருக்கிறது. எனக்கு இதை நினைக்க நினைக்கச் சந்தோஷமாக இருக்கிறது.

தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய மை இது. தயாரிப்பது கர்நாடக அரசின் மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனம். 1962 பொதுத்தேர்தலிலிருந்து நாடு முழுவதும் இதே மைதான். முன்பெல்லாம் நகமும் தோலும் சேருமிடத்தில் ஒரு பொட்டு வைப்பார்கள். 2006 முதல் கோடாக இழுக்கிறார்கள்.

சரி, தேய்த்தும் போகாத மை பிறகு எப்படிப் போகிறது? நம் தோலின் மேலடுக்கு ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும். சில வாரங்களில் ஆயாவின் தோலிலிருந்த கறை அதனோடு உதிர்ந்துவிட்டது. நகம் அப்படி உதிர்வதில்லை. அடியில் புது நகம் முளைத்துப் பழையதை முன்னே தள்ளும். மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். வயதானவர்களுக்கு வேகம் இன்னும் குறைவு.

மே மாதம் பாதியில், கறுப்புக்குக் கீழே பிறை போல ஒரு வெளிர் இடம் எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் என் மகள் ஸ்கேலோடு ஆயா பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஆயா முறத்தில் உளுந்து புடைப்பதை நிறுத்திவிட்டு விரலை நீட்டுவார். "எம்புட்டு வந்திருக்குது?" பிறை வளர்ந்தது, கறுப்பு தேய்ந்தது.

நீங்கள் அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நகத்துக்கு மட்டும் மருதாணி வையுங்கள். அதன் சாயமும் நகத்திலுள்ள கெரட்டின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். நகம் வளர்ந்தால்தான் விலகும். வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவருக்கும் வைத்துவிட்டு, யார் நகம் முந்துகிறது என்று பாருங்கள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா திண்ணையில் உட்கார்ந்து நகம் வெட்டினார். கடைசிக் கறுப்புத் துண்டு தெறித்து விழுந்தது. என் மகள் ஓடிப்போய்ப் பொறுக்கி, காலித் தீப்பெட்டியில் போட்டு மூடிக்கொண்டாள்.