பதிவேட்டில் இல்லாத பிள்ளை

கடைக்காரரின் கணக்குப் புத்தகம், மாணவரின் நோட்டுப் புத்தகம், வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டி ஆகியவற்றுள் எத்தனையோ சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் செல்கின்றன. அந்நகருக்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஒரு கிராமத்தில் இயங்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பின் அலமாரியைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. அலமாரி நிறைய நோட்டுகள் இருந்தன. ஆனால் நாம் கேட்ட ஒரே கேள்விக்கு அவற்றுள் எதிலும் விடை இல்லை.

பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக மாலைப் பள்ளி நடத்தும் அமைப்பு அது. கையில் பணம் குறைவு. கடனும் சிறிது உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் செயலாளராக இருக்கிறார். ஒரு நன்கொடையாளர் கணிப்பொறி வாங்கிக்கொள்ளப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தக் கணிப்பொறி வாங்குவது, அதில் என்னென்ன ஏற்றுவது என்று யோசனை சொல்லவே நம்மை அழைத்திருந்தார்கள். முதலில் நோட்டுகளைக் காட்டுமாறு கேட்டோம். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, புத்தகம் வழங்கிய நோட்டு, ரொக்கக் கணக்கு, நன்கொடை ரசீதுகளின் அடிக்கட்டைகள், வந்து போன பெரியவர்கள் பாராட்டி எழுதிய பார்வையாளர் ஏடு ஆகிய அனைத்தும் ஒழுங்காகவே இருந்தன.

"ஐந்து ஆண்டுகளுக்கு முன் உங்களிடம் படித்த பிள்ளைகளில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? நடுவில் நின்றவர்கள் இப்போது எங்கே?" என்று கேட்டோம்.

செயலாளர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சேர்ந்த பிள்ளைகளை எழுதி வைத்திருக்கிறோம் ஐயா, போன பிள்ளைகளை எழுதவில்லை" என்றார்.

இந்தக் குறை அந்த ஓர் அமைப்புக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளை எண்ணுவதே இவ்வட்டாரத்தில் நெடுங்காலமாக வழக்காக இருந்து வந்துள்ளது. 1922-ஆம் ஆண்டில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய வரலாறு யாவரும் அறிந்ததே. மழை பொய்க்கும் இக்கரிசல் காட்டில் அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பிள்ளைகளின் கைகளும் அதற்குள் இழுக்கப்பட்டன. 1980-களில் சிவகாசி வட்டாரத்தில் 45,000 சிறார்கள் வேலை செய்கிறார்கள் என்னும் எண் பத்திரிகைகளில் பலமுறை எடுத்தாளப்பட்டது. மிகையென்று மறுத்தவர்களும் இருந்தனர். குறைவென்று வாதிட்டவர்களும் இருந்தனர். எண்ணிக்கையில் சண்டை நடந்த காலமெல்லாம் விடியுமுன்னே ஊர் ஊராக வண்டிகள் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன.

1986-இல் வழக்கறிஞர் எம். சி. மேத்தா உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1991-இல் சிவகாசிப் பகுதிப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் 39 பேர் மாண்டனர். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இறுதித் தீர்ப்பு வந்தது. அபாயகரமான தொழில்களில் வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு சிறுவனுக்கும் சிறுமிக்கும் முதலாளி ரூ. 20,000 செலுத்த வேண்டும். குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும், இயலாவிடில் ரூ. 5,000 சேர்க்க வேண்டும். ஆறு மாதங்களுக்குள் கணக்கெடுப்பை முடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை நல்ல ஆணை. ஆனால் கணக்கெடுக்க வந்தவரின் தாளில் ஒரு பெயர் ஏறினால் முதலாளிக்கு இருபதாயிரம் நட்டம். தாய்க்கோ, வேலை போய்விடுமோ என்ற அச்சம். எனவே இரு பக்கத்தாருக்கும் பிள்ளையை மறைக்கக் காரணம் இருந்தது. நாம் கேட்கும் கேள்வி எவருக்கு என்ன இழப்பைத் தரும் என்று எண்ணிப் பாராமல் தகவல் திரட்டப் புகுவோர் இதை நினைவில் கொள்வது நலம். நாமே அதை மறந்து இடறிய கதையைப் பின்னர் சொல்கிறோம்.

1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதலில் வேரூன்றிய இடங்களுள் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி, மதிய உணவு, உதவித்தொகை, பிறகு முறையான பள்ளியில் சேர்ப்பு என்பது அதன் வழி. பல பள்ளிகளைத் தொண்டு நிறுவனங்களே நடத்தின. 2017-இல் இதற்கென 'பென்சில்' என்ற பெயரில் இணையதளமும் வந்தது. 2021-இல் அத்திட்டம் சமக்ர சிக்ஷா எனும் பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. நம் செயலாளரின் அமைப்பும் அத்தகைய பள்ளியொன்றை நடத்தி, அது நின்ற பின் சொந்த முயற்சியில் மாலைப் பள்ளியாகத் தொடர்ந்து வருவது. திட்டப் பணத்தோடு எழுத்தரும் போனார். பழைய பதிவேடுகள் மட்டும் மிஞ்சின.

அதே காலத்தில் மற்றொரு பக்கமிருந்து எழுத்து வேலை பெருகியது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. எழுத்தர் சம்பளம் நிர்வாகச் செலவு; ஆகவே கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று சட்டமே சொல்கையில், அந்த ஆளுக்குக் கொடுக்கப் பணம் சுருங்கியது. 2021-22 நிதியாண்டு முதல், வரிச்சலுகை பெறும் நன்கொடைகளுக்குக் கொடுத்தவர் வாரியாக அடையாள எண்ணுடன் வருமான வரித் துறைக்கு அறிக்கை தர வேண்டியதாயிற்று. ஒரே கொடையாளியின் பெயரை ரசீதிலும், ரொக்கக் கணக்கிலும், நன்றிக் கடித நோட்டிலும், வரி அறிக்கையிலுமாக நான்கு இடங்களில் செயலாளரே இரவில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தார். இதைக் கணிப்பொறியிடம் விட்டுவிடலாம் என்பதில் நமக்கு ஐயமே இல்லை. ஒருமுறை பதிந்தால் நான்கு இடத்துக்கும் அதுவே போகும்.

பழைய நாளில் இந்தத் தொல்லை இல்லை. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி. அரிசி போட்ட தாய் அப்பள்ளியைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். அவளுக்கு ஆண்டறிக்கை தேவைப்படவில்லை. கொடுப்பவர் கடலுக்கு அப்பால் இருக்கும்போது கண்ணுக்குப் பதிலாகக் காகிதம் வருகிறது. அதைக் குறை கூறுவதில் பயனில்லை. ஆனால் காகிதம் முழுவதும் கொடுப்பவருக்காகவே எழுதப்பட்டுவிடுகிறது என்பதே நம் மனத்தாங்கல்.

அந்த அலமாரியே அதற்குச் சாட்சி. ரசீது கொடையாளிக்கு, ரொக்கக் கணக்கு தணிக்கையாளருக்கு, பார்வையாளர் ஏடு பார்வையாளருக்கு. "இந்த வாரம் வராத பிள்ளை யார்? நாளை யார் வீட்டுக்கு நான் போக வேண்டும்?" என்று கேட்கும் கள ஊழியருக்கு ஒரு நோட்டும் இல்லை. அவருக்கு அது தேவைப்படாமலும் இருந்தது. பிள்ளைகள் 'அக்கா' என்றழைக்கும் அந்த அம்மையார், சிறப்புப் பள்ளி நாளிலிருந்தே பணிபுரிபவர். எந்தத் தெருவில் தீபாவளிக்கு மூன்று மாதம் முன்பே பிள்ளைகள் மாலையில் வராமல் நிற்பார்கள், எந்த வீட்டில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், 2018-இல் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபின் ஆலைகள் மூடிக் கிடந்த மாதங்களில் எந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போயிற்று என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து தடையின்றி வருகிறது. உண்மையில் அந்த அமைப்பின் தகவல் களஞ்சியம் அவருடைய தலைதான். அடுத்த ஆண்டு அவர் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். செயலாளருக்கு அது தெரியும். ஆயினும் கணிப்பொறிக்கான பட்டியலில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அவரோடு தாழ்வாரத்தில் அமர்ந்து பதிவேடுகளைப் புரட்டினோம். ஒரே பிள்ளை இரு பிள்ளைகளாக எழுதப்பட்டிருந்த இடங்கள் பல. ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் கொடுத்த பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று. தந்தையின் முதலெழுத்து ஓரிடத்தில் இருக்கும், மற்றோரிடத்தில் இராது. இப்படியே கணிப்பொறியில் ஏற்றினால் பிழை வேகமாகப் பெருகுமே அன்றித் திருந்தாது.

அப்போதுதான் நம் எல்லாருடைய பங்கு ஆலயத்திலும் உள்ள ஒரு தடித்த புத்தகம் நினைவுக்கு வந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் சொல்கிறோம். பங்குத் தந்தையர் திருமணங்களையும் ஞானஸ்நானப் பெற்றோர் பெயர்களையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று திரிதெந்து சங்கம் 1563-இல் விதித்தது. 1907-இல் வந்த விதி மேலும் ஒரு படி சென்றது. ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அச்செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அவருடைய பழைய பதிவின் ஓரத்திலேயே எழுதப்பட வேண்டும் என்றது. ஒருவருக்கு ஓர் இடம். வாழ்வில் பின்னர் நிகழ்வதெல்லாம் அந்த இடத்துக்கே திரும்பி வந்து சேரும். திருமண ஓலைக்காகச் சான்றிதழ் வாங்க அலைந்த நம் வாசகர்கள் அந்த ஓரக் குறிப்பின் அருமையை அறிவார்கள்.

அதே முறையில் பிள்ளைக்கு ஓர் எண், ஓர் அட்டை, மூன்று பெயரும் அதிலேயே, பாதி இடம் வெறுமையாக என்று ஒரு மாதிரி வரைந்தோம். வெறுமையான பாதியில், எந்த மாதம் வருகை குறைந்தது, யார் வீட்டுக்குப் போனார், எப்போது நின்றது, ஓராண்டு கழித்து எங்கே இருக்கிறது என்பவற்றை எழுதலாம்.

இங்கேதான் நாம் இடறினோம். "நின்ற பிள்ளை எங்கே வேலை செய்கிறது" என்று ஒரு கட்டம் போட்டிருந்தோம். அக்கா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு நம்மிடமே திருப்பித் தந்தார்.

"இந்தக் கட்டத்தை நிரப்பினால் நாளைக்கு எந்த வீட்டிலும் எனக்குக் கதவு திறக்காது ஐயா. இந்த அட்டை யார் கையில் கிடைத்தாலும் அந்தத் தாய்க்குத்தான் வம்பு."

1996-க்குப் பிறகு கணக்கெடுத்தவர்கள் முன் சாத்திய கதவுகளை அவர் நேரில் கண்டவர். சிறாரின் விவரங்களைக் கணிப்பொறியில் வைக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது என்று நாம் சொன்னோம். சட்டம் வருமுன்பே தமக்கு அது தெரியும் என்பதுபோல் அவர் பேசாமல் இருந்தார். அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று மட்டும் எழுதினோம். பிள்ளை ஆபத்தில் இருந்தால் சொல்ல வேண்டியவரிடம் அன்றே நேரில் சொல்வது, அட்டையில் எழுதிக் காத்திராமல் இருப்பது என்று முடிவாயிற்று.

செயலாளருக்கு முழு மனநிறைவு இல்லை. "கொடையாளி எண்ணிக்கையைத்தான் கேட்பார், ஓரக் குறிப்பையா கேட்பார்?" என்றார். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. 2018-இல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களைத் தேர்ந்தபோது விருதுநகரும் அவற்றுள் ஒன்றாயிற்று. 49 அளவுகோல்களில் மாதந்தோறும் மாவட்டத்தை அளந்தார்கள். எண்ணிக்கை இல்லாமல் ஆட்சியும் நடவாது, அறமும் நடவாது. ஆயினும் ஓரக் குறிப்புகளைக் கூட்டினால் எண்ணிக்கை கிடைக்கும். எண்ணிக்கையைப் பிரித்தால் பிள்ளை கிடைப்பதில்லை. இதைச் சொன்னபோது அவர் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை.

கணிப்பொறி வாங்கும் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. நன்கொடைக் கணக்குக்காக ஒன்று வாங்கத்தான் போகிறார்கள். அதற்குள் பழைய பதிவேடுகளிலிருந்து அட்டை எழுதும் வேலையை, மாலைப் பள்ளியில் படித்து இன்று கல்லூரிக்குச் செல்லும் இரு பெண்கள் தொடங்கியிருக்கிறார்கள். அக்கா பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு பெயருக்கும் இன்னார் மகன், இன்ன தெரு என்று சொல்லி வருகிறார். சில பெயர்களில் அவரும் நின்றுவிடுகிறார். அவற்றைத் தனித்தாளில் குறித்துத் தம் பையில் வைத்திருக்கிறார். தீபாவளி கழிந்த மறுவாரம் ஆலைகளில் வேலை இராது, வீடுகளில் ஆள் இருப்பார்கள், அப்போது போய்க் கேட்க வேண்டும் என்கிறார்.