வட்டத்தில் விழுந்த புரை

பாறசாலைக்குப் பக்கத்தில், கொல்லயிலிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி கடிதம் எழுதியிருக்கிறாள். "எங்க பாட்டா விமானப்படையில நேட் விமானத்துக்கு ஃபிட்டரா இருந்தவங்க. அவங்களுக்காக ஒரு நேட் மாடல் வாங்கிச் செய்தேன். ஒட்டினது, பட்டி பார்த்தது, பெயின்ட் அடிச்சது எல்லாம் நல்லா வந்தது. கடைசியில மூவர்ண வட்டத்தை ஒட்டிக் காய வச்சேன். காலையில பார்த்தா வட்டத்தைச் சுத்தி வெள்ளையா புகை மாதிரி. பாட்டா கையில வாங்கிப் பார்த்துட்டு, 'என் கண்ணுல விழுந்த புரை இதுக்கும் விழுந்திட்டோ மக்ளே'ண்ணு கேட்டாங்க. நான் என்ன தப்பு செய்தேன்?"

கடிதத்தை நாலைந்து முறை படித்துவிட்டேன். மாடல் விமானம் செய்கிற எல்லோருக்கும் ஒருநாள் இந்தப் புரை விழும். எனக்கும் விழுந்திருக்கிறது.

நேட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. பிரிட்டனில் பிறந்து, பெங்களூரு எச்.ஏ.எல்.-இல் கட்டப்பட்ட குட்டிப் போர் விமானம் அது. 1965 போரில் தன்னைவிடப் பெரிய சேபர் விமானங்களை வீழ்த்தியதால் 'சேபர் கொல்லி' என்று பேர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் நிர்மல் ஜித் சிங் சேகோன் கடைசிவரை போராடியது இந்த விமானத்தில்தான். விமானப்படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. அவருடைய 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020-இல் கோயம்புத்தூருக்கு அருகே சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி உயிர் பெற்றது.

நேட்டின் இறக்கை நுனிக்கு நுனி 6.73 மீட்டர். 72-இல் ஒரு பங்காகக் குறுக்கினால் 9 சென்டிமீட்டரும் கொஞ்சமும் வரும், உள்ளங்கையில் அடங்கிவிடும். 72 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆறடிக்கு 72 அங்குலம். ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மையாக வேண்டும் என்று போட்ட கணக்கு அது. அளவு குறுகுவதுபோலப் பெயின்ட் குறுகாது என்பதுதான் இதில் சிக்கல். தூரிகையால் தடிப்பாக இழுத்த பூச்சு 0.1 மில்லிமீட்டர் கனம் இருந்தால், நிஜ விமானத்தின் மேல் அது 7 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள பூச்சுக்குச் சமம். அதனால்தான் தின்னர் கலந்து, பாலைவிடச் சற்றே கெட்டியான பதத்துக்கு இளக்கி, மெல்லிய கோட்டாக மூன்று நான்கு முறை அடிக்கச் சொல்கிறோம். முதல் கோட்டில் அடிப்பிளாஸ்டிக் தெரியத்தான் செய்யும், தெரியட்டும். ஒட்டுவது, பட்டி பார்ப்பது, பெயின்ட் அடிப்பது இதையெல்லாம் இவள் நன்றாகவே செய்திருக்கிறாள் என்று கடிதமே சொல்கிறது. அவற்றை விட்டுவிட்டு அந்த வெள்ளைப் புகைக்கே வருகிறேன்.

எண்ணெய் பலகாரம் பொதிந்த காகிதத்தைப் பார்த்திருப்பீர்கள். நேந்திரங்காய் வறுவல் வாங்கி வருகிறோம். பொட்டலத்தின் வெள்ளைக் காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடிபோல் ஆகி, உள்ளே இருக்கிற மஞ்சள் தெரியும். இடவப்பாதி மழையில் நனைந்த வெள்ளை வேட்டியும் அப்படித்தான், உடம்போடு ஒட்டித் தோல் தெரியும். காகிதமும் பருத்தியும் உண்மையில் வெள்ளை நிறம் கொண்டவை அல்ல. நார்களுக்கு நடுவே ஏராளமாகக் காற்று இருக்கிறது. ஒளி நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் மாறி மாறிப் போகும்போது ஒவ்வோர் எல்லையிலும் கொஞ்சம் திரும்பி வருகிறது. அப்படிச் சிதறித் திரும்பும் ஒளிதான் நம் கண்ணுக்கு வெள்ளை. எண்ணெயோ தண்ணீரோ அந்த இடைவெளிகளில் புகுந்து காற்றைத் துரத்திவிட்டால் எல்லைகள் மங்கிவிடும், ஒளி நேரே ஊடுருவும்.

மாடலின் வட்டத்தில் நடந்ததும் இதேதான். வட்டம் அச்சிடப்பட்ட டெக்கல் என்பது ஒரு மெல்லிய ஒளிபுகும் படலம். தண்ணீரில் நனைத்தால் அடியிலுள்ள பசை இளகி, படலம் தாளிலிருந்து வழுக்கி வரும். நாம் அடித்த பெயின்ட் மங்கலான வகையாக இருந்தால் அதன் மேற்பரப்பு, லென்ஸ் வைத்துப் பார்த்தால், சாணி மெழுகிய தரைபோல் மேடும் பள்ளமுமாக இருக்கும். படலம் மேடுகளின் மேல் மட்டும் பாய் விரித்தாற்போல் உட்கார்ந்துகொள்ளும். பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கும் காற்றுக்கும் நடுவே உள்ள ஒவ்வோர் எல்லையிலும் நேராக விழும் ஒளியில் நூற்றுக்குச் சுமார் நான்கு பங்கு திரும்புகிறது. ஆயிரக்கணக்கான குட்டிப் பள்ளங்களிலிருந்து அப்படித் திரும்புவதுதான் பாட்டா கண்ட புரை. ஈரமாக இருந்த ராத்திரி நேரத்தில் அது தெரிந்திருக்காது. தண்ணீர் காய்ந்து காற்று அந்த இடத்தைப் பிடித்தபிறகு, காலையில்தான் தெரியும்.

எனவே வட்டம் ஒட்டும் முன்னால் விமானத்துக்குப் பளபளப்பான கிளியர் கோட் அடிக்க வேண்டும். கடைசியில் மங்கலாகத் தெரியவேண்டிய விமானமானாலும், முதலில் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பள்ளமே இல்லாத இடத்தில் காற்று எங்கே ஒளியும்? ஒட்டியபின் மேலே இன்னொரு கோட் அடித்து மூடிவிட்டு, பிறகு வேண்டுமானால் மங்கல் வார்னிஷ் அடிக்கலாம். என் அம்மாவின் தையல் மிஷினில் கறுப்பு உடம்பின் மேல் பொன்னிறப் பூக்கொடி ஒன்று உண்டு. அதுவும் படலமாக ஒட்டி, மேலே வார்னிஷ் பூசியதுதான். அம்மாவின் கை நாற்பது வருடம் உரசியும் பூவில் ஒரு இதழ்கூடப் போகவில்லை.

நம்முடைய ஊரில் இன்னொரு எதிரி ஈரக்காற்று. துலாவர்ஷ காலத்தில் லாக்கர் அடித்தால், அடித்த சில நிமிடங்களில் பூச்சு வெளிறிப் பால்போல் ஆகிவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனிபோல் படிந்து பூச்சுக்குள் நுண்ணிய குழிகளை விட்டுவிடுகிறது. இதுவும் அதே வெள்ளைதான். மழை விட்டு வெயில் ஏறிய பிறகு, நடுப்பகலில் அடியுங்கள்.

இனி ஒட்டியாகிவிட்ட வட்டத்துக்கு வைத்தியம். டெக்கலை இளக்கும் திரவம் ஹாபி கடைகளில் கிடைக்கும். மெல்லிய ஊசியால் புகை படிந்த இடத்தில் ஏழெட்டுத் துளை போட்டு, தூரிகை நுனியால் ஒரு சொட்டு வையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் வட்டம் கிழவியின் கன்னம்போல் சுருங்கும். பார்க்கவே நெஞ்சு பதறும். அந்த நேரத்தில் விரல் வைத்துவிடாதே மக்கா! நான் ஒருமுறை வைத்து, காவி வளையத்தையே இழந்தேன். தொடாமல் விட்டால், இளகிய படலம் காயக் காயத் தானாகத் தட்டையாகும். இறக்கைத் தகடுகளின் மூட்டுக்கோடுகளுக்குள்ளும் இறங்கி, பெயின்டால் வரைந்ததுபோல் ஆகிவிடும். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுநாள் இன்னொரு சொட்டு.

வட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. இந்த வரிசை 1950-இல் வந்தது. அதற்கு முன்னால் சிறிது காலம் வெள்ளையின் மேல் நீல அசோகச் சக்கரமே நம் விமானங்களின் அடையாளம். அதற்கும் முன்னால், பர்மாப் போர்முனையில் பறந்த விமானங்களில், ஜப்பானியரின் செஞ்சூரியனோடு குழம்பிவிடக்கூடாது என்று வட்டத்தின் நடுச்சிவப்பையே நீக்கியிருந்தார்கள். நிறம் மாறினால் சொந்தப் படையே சுட்டுவிடும் என்ற அளவுக்கு உயிர்நிலையான விஷயம் அது. ஆனால் ஒரு பூங்காவில் மேடைமேல் நிறுத்திய பழைய விமானத்துக்கு யாரோ புது பெயின்ட் அடித்து, பச்சையை வெளியே, காவியை உள்ளே போட்டிருந்ததைப் பார்த்தேன். குழந்தைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடித்தவர் மேல் எனக்குக் கோபமில்லை, கையில் கொடுத்த பெயின்டைத்தான் அவர் அடித்திருப்பார். ஒரே ஒரு புகைப்படத்தை அவர் கையில் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் வருத்தம்.

மாடல் செய்கிறவர்களிடமும் ஒரு குறை எனக்கு உண்டு. கறை, துரு, எண்ணெய் வழிந்த தடம் என்று அழுக்கைப் பூசிப் பூசி விமானத்தைப் பழைய இரும்புக்கடைச் சாமானாக்கிவிடுகிறார்கள். நேட்டை ஒவ்வொரு நாளும் துடைத்து, திருகு திருகாகப் பார்த்து அனுப்பியவர்கள் இருந்தார்கள், இந்தப் பாட்டாவைப்போல. மூட்டுக்கோடுகளில் மெல்லிய கருஞ்சாயம் ஓடவிட்டு, எஞ்சின் புகைக்குழல் பக்கம் கொஞ்சம் கருக்கல் காட்டினால் போதும்.

பெண்ணே, கடைசி வார்னிஷ் அடிக்கும் முன்னால் ஒரு வேலை செய். 1965-இல் வெள்ளியாக மின்னிய நேட்டுகளுக்கும் பின்னால் உருமறைப்பு நிறம் வந்தது. அன்று எடுத்த படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைகள் எங்கெங்கே இருந்தன, 'இங்கே மிதிக்காதே' என்பது இறக்கையின் எந்த இடத்தில், எண்ணெய் ஊற்றும் மூடியைச் சுற்றி என்ன நிறம் என்பதெல்லாம் அந்தப் படங்களில் தெளிவாகத் தெரியாது. பாட்டாவின் கைக்கு அவை தெரிந்திருக்கும். மாடலை அவர் மடியில் வைத்து, ஒரு பென்சிலையும் கொடு. அவர் தொட்டுக் காட்டும் இடங்களைத் தாளில் குறித்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. என் மேஜையிலும் ஒரு நேட் பாதியில் நிற்கிறது.