டர்போ போச்சா? முதலில் ஓஸைப் பாருங்கள்!

பாலிங்கிலிருந்து பெங்காலான் உலுவுக்கு ஏறும் சாலை, பழைய காரின் குட்டை உடைத்துவிடும். சுங்கைப் பட்டாணி வரை சமதரையில் சமர்த்தாக ஓடிய கார், குடும்பத்தோடு மேடேறும்போது திணறும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் ஏறாது. பட்டறைக்குப் போனால் பல நேரம் கிடைப்பது ஒரே பதில்தான்: "டர்போ போச்சு, மாத்தணும்." சோதித்துப் பார்க்காமல் சொல்லும் இந்தத் தீர்ப்பை நம்பி யாரும் பணத்தைக் கொட்டக் கூடாது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களுக்கு ஒரே கார்தான் ஷிப்டு வேலைக்கும், பள்ளிக்கும், ஆஸ்பத்திரிக்கும். அது பட்டறையில் முடங்கினால் வீடே முடங்குகிறது.

காற்றுதான் பலம்

நம் நாட்டில் டர்போவைச் சாமானியக் குடும்பங்களின் கைக்கு எட்டவைத்ததில் புரோட்டோனுக்குப் பெரும் பங்குண்டு. 2011 இறுதியில் வந்த எக்ஸோரா போல்ட், 2012-இல் வந்த பிரெவே இரண்டிலும் 1.6 லிட்டர் சிஎஃப்இ டர்போ எஞ்சின் இருந்தது. திறன் 138 குதிரைசக்தி. முறுக்குவிசை 205 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாத 1.6 லிட்டர் கேம்புரோ சிபிஎஸ் எஞ்சின் தருவது 150 நியூட்டன் மீட்டர்தான்.

வெளியேறும் சூடான புகை டர்பைனைச் சுழற்றுகிறது; அதே தண்டில் இருக்கும் கம்பிரஸர் காற்றை அழுத்துகிறது; அந்தக் காற்று இன்டர்கூலரில் குளிர்ந்து எஞ்சினுக்குள் போகிறது. கூடுதல் பலம் முழுவதும் இந்த அழுத்திய காற்றிலிருந்து வருவதுதான். வழியில் எங்கே ஒழுகினாலும் டர்போ நன்றாகச் சுழன்றும் பயனில்லை.

வரிசை தவறக் கூடாது

முதலில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் மளமளவென்று ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் சந்தேகம் கியர்பாக்ஸ் மேல், குறிப்பாக சிவிடி கார்களில். முள்ளும் ஏறவில்லை, வேகமும் இல்லை என்றால் எஞ்சின் பக்கம் தேட வேண்டும்.

அடுத்தது ஸ்கேனர். பி0299 என்ற குறியீடு வந்தால், டர்போ அழுத்தம் போதவில்லை என்று பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டும் எண்ணைக் கவனியுங்கள். எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்டும். மேட்டில் முழுக்க மிதிக்கும்போது அது 150-ஐத் தாண்ட வேண்டும். 100-ஐ ஒட்டியே நின்றால் அழுத்திய காற்று எஞ்சினுக்கு வந்து சேரவில்லை. எண் சரியாக ஏறியும் இழுவை இல்லையா? பிளக், காயில், பெட்ரோல் பம்ப், அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று பார்வையைத் திருப்புங்கள்.

காற்று வரவில்லை என்றால் ஓஸ்தான் முதல் சந்தேகம். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஓஸின் அடிப்பக்கத்தைத் துடைத்து, விரலால் அழுத்தி மடக்கிப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மயிரிழை போல மூடிக்கிடக்கும் வெடிப்பு, அழுத்தம் ஏறும்போதுதான் வாயைத் திறக்கும். கிளிப்பின் ஓரத்தில் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் காற்று அங்கே ஒழுகக்கூடும். கண்ணுக்கு அகப்படாத ஓட்டையைப் புகைச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

பிறகு, டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட். கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து, அதன் தண்டு தடையின்றி நகர்கிறதா, திரும்பி வந்து முழுக்க மூடுகிறதா என்று பார்க்கலாம். சிறிய வேக்குவம் ஓஸ் ஒன்று கழன்றிருந்தாலும் இதே திணறல் வரும்.

இத்தனைக்கும் பிறகுதான் டர்போ. தண்டை விரலால் அசைத்தால் பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தாலோதான் மாற்ற வேண்டும். அப்போதும் ஏன் கெட்டது என்று கண்டுபிடியுங்கள். ஆயில் போகும் குழாய் அடைத்திருந்தால் புது டர்போவும் அதே கதிக்கு ஆளாகும்.

பழைய கார் வாங்குவதற்கு முன்

பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் கார் தேறியிருக்கலாம்; மேட்டில் இழுக்கும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை. எஞ்சின் சூடேறிய பிறகு, ஸ்கேனரை மாட்டிக்கொண்டு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். 2022 ஜூலை 4-இல் பாலிங் வட்டாரத்துக் குப்பாங்கில் வந்த வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. நீரில் நின்ற கார் வெளியே பளபளத்தாலும், சென்சார் இணைப்புகளுக்குள் சேறும் பச்சைத் துருவும் தங்கியிருக்கும். ஓரிரண்டு இணைப்புகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

பட்டறையில் "டர்போ போச்சு" என்றால், "மேட்டுல எவ்வளவு அழுத்தம் காட்டுச்சு அண்ணே?" என்று கேளுங்கள். அளந்து காட்டுகிற மெக்கானிக்குக்கு, எதையும் மாற்றாவிட்டாலும் சோதனைக் கூலியை மனமாரக் கொடுங்கள். சோதனைக்குக் கூலி தர நாம் மறுக்கிற வரை, பாகத்தை விற்றுத்தான் அவர் பிழைக்க வேண்டியிருக்கும்; அந்தச் செலவும் நம் தலையில்தான் விடியும்.