ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்: பொருத்தும் முன் மின்னழுத்தத்தைக் கவனியுங்கள்

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவரும் ‘ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்’ கருவியை இந்திய வீட்டுச் சுவரில் அப்படியே பொருத்திவிட இயலாது. அந்நாட்டு வீடுகளின் மைய வெப்ப, குளிர்விப்பு அமைப்புகளுக்கான அக்கருவிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் இயங்குபவை. ‘ஆர்’ கம்பி மின்சாரம் அளிக்கிறது. ‘ஒய்’ குளிர்விப்பையும், ‘டபிள்யூ’ வெப்பத்தையும், ‘ஜி’ விசிறியையும் இயக்குகின்றன. வைஃபை தடையின்றி இயங்க ‘சி’ எனும் பொதுக் கம்பியும் வேண்டும்; பழைய வீடுகள் பலவற்றில் அங்கேயே அது இருப்பதில்லை.

இந்தியாவில் மையக் குளிர்விப்பு கொண்ட குடியிருப்புகளின் சுவர் தெர்மோஸ்டாட்டில் 230 வோல்ட் மின்சாரம் பாய்வதுண்டு. அங்கு 24 வோல்ட் கருவியை இணைத்தால் அது கருகும். தீ விபத்தும் நேரிடலாம். எனவே மின்பணியாளர் மின்னழுத்தத்தை அளந்து, மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே கம்பிகளைக் கழற்ற வேண்டும். பழைய இணைப்பைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

ஸ்பிளிட் ஏ.சி. வைத்திருப்போருக்கு இச்சிக்கலே இல்லை. ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் சிறு கருவியே போதும்.