ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமா?

படமாளிகையில் நாம் காணும் முன்னோட்டங்களின் உட்பொருள்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் மொழி. கொதிக்கும் உலையில் அகப்பையை இட்டு, அதில் அகப்பட்ட ஒரு சோற்றை விரலால் நசுக்கிப் பார்க்கும் இல்லத்தரசி, பானை முழுவதும் வெந்துவிட்டதா என்பதை அதைக் கொண்டே அறிந்து கொள்கிறாள். அச்சோற்றை அவள் தேடிப் பொறுக்குவதில்லை. கைக்கு வந்ததை எடுக்கிறாள். பழமொழியின் உண்மை முழுவதும் அந்தச் செய்கையிலேதான் தங்கியிருக்கிறது.

படமாளிகையிலே விளக்குகள் அணைந்ததும், நாம் பார்க்கச் சென்ற படம் தொடங்குமுன், வரவிருக்கும் வேறு படங்களின் துண்டுகள் திரையில் ஓடுகின்றன. 'ட்ரெயிலர்' என்று ஆங்கிலத்திலும் 'முன்னோட்டம்' என்று தமிழிலும் அவற்றை அழைக்கிறோம். இக்காலத்தில் படமாளிகைக்குப் போகாமலே, கைத்தொலைபேசியில் வீட்டிலிருந்தே அவற்றைப் பார்த்துவிடுகிறோம். பார்த்தவுடன் பிள்ளைகள் "இந்தப் படத்துக்குக் கட்டாயம் போக வேண்டும்" என்கிறார்கள், பெற்றோரும் இசைந்துவிடுகிறார்கள்.

முன்னோட்டமும் பானையில் இருந்து எடுத்த ஒரு சோறுதான். ஆயினும் அதனை எடுத்தவர் உண்ண வந்தவர் அல்லர். சமைத்தவரே நன்றாக வெந்ததைப் பொறுக்கி, நெய்யும் வாசனையும் சேர்த்து நம்முன் நீட்டுகிறார். இரண்டு நிமிட நேரத்தில் நம் மனத்தை அவர் எவ்வாறு அசைக்கிறார், அவர் காட்டுவதில் எதனை நாம் நம்பலாம் என்பவற்றை இங்கே சற்று ஆராய்வோம்.

பின்னால் வந்தது முன்னால் வந்த கதை

'ட்ரெயிலர்' என்னும் சொல்லுக்குப் பின்தொடர்ந்து வருவது என்பது பொருள். முன்னே வரும் ஒன்றுக்கு இப்பெயர் எவ்வாறு வாய்த்தது என்று சிலர் வியக்கலாம். தொடக்க காலத்தில் இவ்விளம்பரங்கள் படம் முடிந்த பின்னரே காட்டப்பட்டன. படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுவது இயல்பு. ஆகவே பார்ப்பார் இன்றிப் போன விளம்பரம் காலப்போக்கில் படத்துக்கு முன்னால் வந்து அமர்ந்து கொண்டது. இடம் மாறியும் பெயர் மாறவில்லை.

1913ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மார்க்கஸ் லோ என்பவரின் படமாளிகைகளுக்கு விளம்பரப் பொறுப்பாளராக இருந்த நில்ஸ் கிரன்லண்ட், நியூயோர்க்கில் அரங்கேறவிருந்த 'தி பிளெஷர் சீக்கர்ஸ்' என்னும் இசை நாடகத்தின் ஒத்திகைக் காட்சிகளைப் படம் பிடித்துப் படமாளிகைகளில் காட்டினார். முதல் முன்னோட்டங்களுள் ஒன்றாக இதனையே பலரும் குறிப்பிடுவர். சினிமாவின் இவ்விளம்பர முறை ஒரு மேடை நாடகத்துக்காகப் பிறந்தது என்பது சுவையான செய்தியன்றோ!

1919இல் 'நஷனல் ஸ்கிரீன் சேர்விஸ்' என்ற நிறுவனம் நியூயோர்க்கில் தோன்றியது. ஹொலிவூட் கம்பனிகள் பலவற்றுக்கு முன்னோட்டம் தயாரிப்பதே அதன் தொழில். பல்லாண்டுக் காலம் பெரும்பாலான முன்னோட்டங்கள் அதன் கைவழியே வெளிவந்தமையால், அவை யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றின. பெரிய எழுத்துக்கள் திரையின் குறுக்கே பாய்ந்து வரும். ஒவ்வொரு வரிக்கும் ஆச்சரியக்குறி நிற்கும். நட்சத்திரங்களின் பெயர்கள் ஒளிவிடும். இதுபோல ஒரு படம் இதுவரை வந்ததில்லை என்ற உறுதிமொழியும் தவறாது. அடுத்த வாரம் வேறொரு படத்துக்கும் அதே உறுதிமொழி வரும். அதனை யாரும் குற்றமாகக் கொள்ளவில்லை.

மாறாத இலக்கணம்

காலம் மாறிய பின்னரும் முன்னோட்டத்துக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. முதற் பகுதி நம்மை ஓர் இடத்துக்கு அழைத்துச் சென்று, ஒருவரை அறிமுகம் செய்யும். இரண்டாவது பகுதியில் அவருடைய வாழ்வில் ஒரு சிக்கல் வந்து விழும். மூன்றாவதில் காட்சிகள் விரைந்து விரைந்து மாறும். இசை உச்சத்தை எட்டும். திடீரென ஓசை அடங்கும். படத்தின் பெயர் தோன்றும். முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் வேளையில், சிரிக்கவோ திடுக்கிடவோ வைக்கும் ஒரு சின்னஞ்சிறு காட்சி வரும். சட்டைக்குக் கடைசியாகப் பூட்டுவது போன்ற இதனைத் தொழிலாளர் 'பட்டன்' என்றே அழைப்பர்.

குரலுக்கும் ஒரு காலம் இருந்தது. டொன் லாஃபொன்டெய்ன் (1940-2008) என்பவர் தம் கனத்த குரலால் ஏறத்தாழ ஐயாயிரம் முன்னோட்டங்களுக்கு விளக்கவுரை பேசினார். "ஓர் உலகத்திலே" எனத் தொடங்கும் வாக்கியம் அவரோடு ஒன்றிப்போயிற்று. "ஒரே ஒரு ஊரிலே" என்று பாட்டி கதை தொடங்கியதும் பேரப்பிள்ளை வாய்மூடிக் கேட்பதுபோல, அச்சொற்களைக் கேட்டதும் பார்ப்போர் மனம் கதைக்குள் நுழைந்துவிடும். வழக்கம் மிகுந்தால் நகைப்புக்கு இடமாகும் என்பதற்கும் இதுவே சான்று. 2002இல் வெளிவந்த 'கொமெடியன்' என்ற படத்தின் முன்னோட்டத்தில், ஹல் டக்ளஸ் என்ற மற்றொரு புகழ்பெற்ற குரற் கலைஞர் இத்தகைய வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பேசிப் பேசித் தம் தொழிலையே கேலி செய்தார். இன்று அக்குரல் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. பாத்திரங்களின் வசனங்களே கதையைக் கொண்டு செல்கின்றன.

குரல் ஓய்ந்த இடத்தை இசை பிடித்துக் கொண்டது. ஒரு படத்துக்குப் பின்னணி இசை அமைப்பது ஏறக்குறையக் கடைசி வேலை. முன்னோட்டமோ அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வேண்டும். ஆகவே இரவல் இசையே அதற்குத் துணை. 1986இல் வந்த 'ஏலியன்ஸ்' படத்துக்கு ஜேம்ஸ் ஹோர்னர் அமைத்த இசை, தொடர்பே இல்லாத வேறு பல படங்களின் முன்னோட்டங்களில் ஒலித்தது. 2010இல் 'இன்செப்ஷன்' முன்னோட்டத்தில் எழுந்த, நெஞ்சை அதிரவைக்கும் எக்காள முழக்கத்தைப் பின்னர் பலரும் பின்பற்றினர். அதே ஆண்டில் 'தி சோஷல் நெட்வேர்க்' படத்துக்குப் பெல்ஜியம் நாட்டுப் பெண்கள் பாடற்குழு ஒன்று, பழகிய பாடலொன்றை மெதுவாக இழைத்துப் பாடியது. அது முதல் பழைய பாட்டைத் தாழ்ந்த குரலில் ஊர்ந்து செல்லவிடுவது ஒரு வழக்கமாயிற்று.

நமது தமிழ்ப் படங்களும் தமக்கென வழக்கங்களை வளர்த்துள்ளன. பெரிய கதாநாயகர் ஒருவரின் முன்னோட்டத்தில் அவர் முகத்தை உடனே காட்டுவதில்லை. மற்றவர்கள் அவரைப் பற்றி அச்சத்தோடும் வியப்போடும் பேசுவார்கள், பின்பு காலடி தெரியும், கை தெரியும், முதுகு தெரியும், அதன் பின்னரே முகம். திரை விலகுமுன் தீபத்துக்காகக் காத்து நிற்கும் பக்தர் கூட்டத்தின் மனநிலையை இரசிகரிடத்து உண்டாக்கும் உத்தி அது.

அதே படம், வேறு முகம்

இவ்வழக்கங்களின் வலிமையை 2005இல் நடந்த ஒரு விளையாட்டு நன்கு எடுத்துக் காட்டியது. ஸ்டான்லி கியூப்ரிக் இயக்கிய 'தி ஷைனிங்' 1980இல் வெளிவந்த திகிற்படம். தனித்த மலை விடுதியொன்றில் மதி கலங்கிய தந்தை, மனைவியையும் மகனையும் கோடரியோடு துரத்தும் கதை அது. நியூயோர்க்கில் நடந்த ஒரு போட்டிக்காக, இளம் படத்தொகுப்பாளர் ஒருவர் அப்படத்தின் காட்சிகளையே வைத்துப் புதிய முன்னோட்டம் ஒன்றைத் தொகுத்தார். திகிலைத் தரும் துண்டுகளை விலக்கினார். தந்தையும் மகனும் பேசும் துண்டுகளைச் சேர்த்தார். இனிய விளக்கவுரையையும் உற்சாகமான பாட்டொன்றையும் பின்னணியில் வைத்தார். பார்த்தவர்களுக்கு அது, அன்புக்கு ஏங்கும் தந்தையும் மகனும் ஒன்று சேரும் குடும்பச் சித்திரமாகவே தோன்றியது!

காட்டிய காட்சிகள் யாவும் அப்படத்தில் உள்ளவையே. ஆயினும் பார்ப்போர் பெற்ற எண்ணம் முழுவதும் பொய். நாம் முன்னோட்டத்தைப் பார்க்கும்போது காட்சிகளை விட, அவற்றைச் சூழ்ந்திருக்கும் இசையையும், வேகத்தையும், ஒழுங்கையும் கொண்டே "இது இன்ன வகைப் படம்" என்று முடிவு செய்கிறோம் என்பது இதனாற் பெறப்படும். நகைச்சுவைக்கு ஒரு தாளம், திகிலுக்கு ஒரு மௌனம், காதலுக்கு ஓர் இராகம் என்று முன்பு பார்த்த நூறு படங்கள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. அப்பழக்கமே விற்பவரின் மூலதனம்.

வழக்கத்தை மீறியோர்

இதனை நன்குணர்ந்த மேதைகள் சிலர், வழக்கத்தை மீறியே மக்களைக் கவர்ந்ததுமுண்டு. 1941இல் வெளிவந்த 'சிற்றிசன் கேன்' படத்தின் முன்னோட்டத்தில், அதன் இயக்குநரும் கதாநாயகருமான ஓர்சன் வெல்ஸின் குரல் மட்டுமே கேட்கும், முகம் தோன்றாது. தம் நடிகர்களை ஒருவர்பின் ஒருவராக அவர் அறிமுகம் செய்கிறார். கேன் என்ற மனிதனைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள், கேன் வருவதில்லை. "யார் அவன்?" என்ற கேள்வியே நம்மைப் படமாளிகைக்கு இழுக்கிறது.

1960இல் அல்பிரட் ஹிட்ச்கொக் தமது 'சைக்கோ' படத்துக்கு ஆறு நிமிடத்துக்கும் மேற்பட்ட முன்னோட்டம் ஒன்றைத் தயாரித்தார். படத்தின் காட்சிகளைக் காட்டாமல், கொலை நடந்த வீட்டையும் விடுதியையும் சுற்றுலா வழிகாட்டிபோல அவரே நடந்து காட்டுகிறார். நடந்ததைச் சொல்ல வாயெடுப்பார், பாதியில் நிறுத்திவிடுவார். இறுதியில் குளியலறைத் திரையை அவர் விலக்க, ஒரு பெண் அலறுகிறாள். அலறியவர் அக்காட்சியில் நடித்த ஜெனற் லீ அல்லர். படத்தின் மற்றொரு நடிகையான வேரா மைல்ஸ். சொல்லாமல் விடுவதன் சுவையை அவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

முழுக்கதையையும் சொல்லிவிடுவோர்

இதற்கு நேர்மாறாக, கதை முழுவதையும் கொட்டிவிடும் முன்னோட்டங்களும் உண்டு. 2000ஆம் ஆண்டில் வந்த 'காஸ்ட் அவே' படத்தில், ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய ஒருவன் மீள்வானா என்பதே கேள்வி. அவன் வீடு திரும்பியதை முன்னோட்டமே காட்டிவிட்டது! மக்கள் தாம் எதனைப் பார்க்கப் போகிறோம் என்பதை முன்னரே அறிய விரும்புகின்றனர் என்று அதன் இயக்குநர் ரொபேர்ட் செமெக்கிஸ் வாதித்தார். எங்கு சென்றாலும் ஒரே சுவையில் கிடைக்கும் உணவுக்கடைப் பண்டத்தை அதற்கு உவமையாகவும் காட்டினார். குடும்பத்தோடு செல்லும் ஒருவர், காசு வீணாகாது என்ற உறுதியை நாடுவது இயல்பே என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் முன்னோட்டங்கள் நீளமாகி, கதையையும் வெளியிட்டுவிடுகின்றன என்ற முறைப்பாடு ஓயவில்லை. 2014இல் அமெரிக்கப் படமாளிகை உரிமையாளர் சங்கம், முன்னோட்டம் இரண்டு நிமிடத்துக்கு மேற்படலாகாது என்று கேட்டுக் கொண்டது. அதுவும் வேண்டுகோளே; சட்டம் அன்று.

நீதிமன்றம் ஏறிய முன்னோட்டம்

முன்னோட்டத்தில் காட்டியது படத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வது? இரண்டு நாடுகளின் நீதிமன்றங்கள் இக்கேள்வியைச் சந்தித்தன.

2019இல் வந்த 'யெஸ்டர்டே' என்ற ஆங்கிலப் படத்தின் முன்னோட்டத்தில் நடிகை அனா டி ஆர்மஸ் தோன்றினார். படத்திலோ அவர் நடித்த பகுதி வெட்டப்பட்டிருந்தது. அவருக்காகவே 3.99 டொலர் செலுத்திப் படத்தைப் பார்த்த இரசிகர் இருவர், அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தனர். படத்தில் இல்லாத காட்சிகள் முன்னோட்டத்தில் வருவது நெடுங்கால வழக்கம் என்று படக் கம்பனி வாதித்தது. 2022 டிசம்பரில் கலிபோர்னியாவிலுள்ள சமஷ்டி நீதிமன்ற நீதிபதி, முன்னோட்டம் ஒரு வர்த்தக விளம்பரமே. ஆதலின் பொய் விளம்பரச் சட்டத்துக்கு அது கட்டுப்படும் என்றார். வழக்குத் தொடுத்தவர்கள் இறுதியில் வெற்றி பெறவில்லை என்றாலும், அக்கருத்து நாடெங்கும் பேசப்பட்டது.

மற்றொன்று இந்தியாவில் நடந்தது. 2016இல் ஷாருக்கான் நடித்த 'ஃபேன்' படத்தின் முன்னோட்டத்தில் வந்த பாட்டைக் கண்டு, ஆசிரியை ஒருவர் தம் குடும்பத்தோடு படத்துக்குச் சென்றார். படத்தில் அப்பாட்டு இல்லை. பிள்ளைகள் ஏமாந்தனர்; தாய் நுகர்வோர் மன்றத்தை நாடினார். மாநில ஆணைக்குழு அவருக்குப் பத்தாயிரம் ரூபா இழப்பீடும், ஐயாயிரம் ரூபா செலவுத்தொகையும் வழங்கும்படி பணித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2024 ஏப்ரல் 22ஆம் திகதி அந்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. முன்னோட்டம் மக்களைப் பேசவைத்து, சீட்டு வாங்கத் தூண்டுவதற்காக உள்ளது. அதில் உள்ளவை யாவும் படத்தில் இருக்கும் என்ற வாக்குறுதி அதனால் உண்டாவதில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே காப்பு நம் கையிலேயே இருக்கிறது. முன்னோட்டம் ஒன்றைப் பார்க்கையில் ஒருமுறை ஓசையை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இசையின் துணையின்றியும் காட்சிகள் நம்மை ஈர்க்கின்றனவா என்பது அப்போது தெரியும். எத்தனை காட்சிகள் ஒரு மூச்சுக்கு மேல் நீடிக்கின்றன என்று கவனியுங்கள். நல்ல நடிப்பும் நல்ல வசனமும் சற்றேனும் நின்று காட்டத்தக்கவை. அதில் சொல்லாமல் விட்டது எது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். படத்தின் வகையைப் பற்றி ஐயம் இருப்பின், சிறுவரை அழைத்துச் செல்லுமுன் பார்த்து வந்தவர் ஒருவரை விசாரியுங்கள். விற்பவரின் சொல்லை விட உண்டவரின் சொல் மேலானது.

இதனாலே முன்னோட்டங்களைப் பகைக்க வேண்டியதில்லை. நல்ல முன்னோட்டம் தன்னளவில் ஒரு கலை. அதனை இரசிப்பதிலே தவறில்லை. நம்முன் நீட்டிய சோற்றைச் சுவைத்து மகிழ்வோம். பானை வெந்ததா என்பதை மட்டும் நம் சொந்த அகப்பை கொண்டே பார்ப்போம்.