குழந்தைகளுடன் ஐரோப்பியச் சாலைகளில்

ஐரோப்பாவில் வாடகைக் கார் எடுத்து ஓட்டக் கிளம்பும் சங்க அன்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது தூரத்தைப் பற்றித்தான். பிராங்க்பர்ட்டிலிருந்து மிலான் ஏறக்குறைய 670 கிலோமீட்டர். சாலையின் அழகைப் பார்த்தால் ஒரே நாளில் போய்விடலாம் என்று தோன்றும். பிள்ளைகள் கூட இருந்தால் இரண்டு நாள் என்பேன். பாதி வழியில் பாசெல் நகரில் இரவு தங்கலாம்.

அதைவிட முக்கியம் குழந்தை இருக்கை. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 12 வயது நிரம்பாத, 150 செ.மீ. உயரம் எட்டாத பிள்ளைக்கு அது சட்டப்படி கட்டாயம். "நான் என்ன பாப்பாவா?" என்று என் ஒன்பது வயது மகள் சண்டை பிடித்தாள். அது இல்லாமல் உட்கார வைத்து, பெல்ட் அவள் கழுத்தை ஒட்டிப் போவதைக் காட்டினேன். இருக்கை பிள்ளையைச் சற்று உயர்த்துவதால் பெல்ட் தோளிலும் இடுப்பெலும்பிலும் படிகிறது. இல்லையேல் வண்டி மோதும்போது கழுத்தும் வயிறும்தான் அடிபடும். மடியில் வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் அங்கே அறவே கூடாது (இங்கேயும்தான்!). காரைப் பதிவு செய்யும்போதே இருக்கையைக் கேளுங்கள். எந்தெந்த நாட்டுக்குள் போகப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் கார்களுக்குச் சுங்கம் கிடையாது. சுவிஸில் ஒரே நாள் ஓட்டினாலும் ஆண்டுக் கட்டணம் 40 பிராங்க். கோடைச் சனிக்கிழமைகளில், 17 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு சுரங்கச் சாலையின் வாயிலில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். நாங்கள் செவ்வாய்க்கிழமை போனோம். அப்படியும் தண்ணீரும் புளியோதரையும் கைவசம் வைத்திருந்தோம்.