அயலூர் அடுப்பில் மண்சட்டி

தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னதாகத் தலைநகர் டில்லியில் மண்பானை தேடி அலையும் தமிழ்க் குடும்பங்களைக் காணலாம். குயவர் கடைகளில் பானைக்குப் பஞ்சமில்லை. கழுத்து ஒடுங்கி, வயிறு பருத்து, செக்கச் சிவந்த பானைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றை வாங்கி வந்து, கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, நல்ல நேரம் பார்த்து எரிவாயு அடுப்பில் ஏற்றிப் பாலை ஊற்றுவார்கள். பால் பொங்குமுன்னே அடியில் 'டப்' என்று ஓர் ஒலி கேட்கும். பால் அடுப்பின்மேல் வழிந்தோடும். வீட்டிலுள்ள பாட்டியின் முகம் வாடிப் போகும். ஏதேனும் அபசகுனமோ என்ற ஐயம் அந்த ஆண்டு முழுவதும் குடும்பத்தார் மனத்தின் ஓர் ஓரத்தில் கிடக்கும். மறு ஆண்டு முதல் எவர்சில்வர் பாத்திரத்தில்தான் பொங்கல்.

இதற்கும் சகுனத்திற்கும் தொடர்பில்லை. தண்ணீர் வைப்பதற்காகச் செய்த பானையைத் தீயில் ஏற்றியது ஒரு பிழை. பழக்காமல் ஏற்றியது மற்றொரு பிழை. இவ்விரண்டையும் அறிந்துகொண்டால், எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், அவ்வூர் மண்ணில் வனைந்த சட்டியிலேயே நம் வீட்டுக் குழம்பைக் கொதிக்க வைக்கலாம். ஊரிலிருந்து சட்டியைச் சுமந்து வரவேண்டிய தேவையும் இராது.

சுமந்து வந்த கதையும் நம்மிடம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், தென்மாவட்டச் சந்தையொன்றில் வாங்கிய மீன்குழம்புச் சட்டியை வைக்கோலிலும் பழைய வேட்டியிலும் சுற்றி, இரண்டு இரவும் ஒரு பகலும் இரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்த்தோம். வழியில் அதற்கு ஒரு கீறலும் நேரவில்லை. வீட்டிற்கு வந்த மறுநாட் காலை, ஆர்வ மிகுதியால் அதைக் கழுவி உடனே பெருந்தீயில் ஏற்றினோம். கால் மணி நேரத்தில் இரண்டாகிவிட்டது. 'டில்லித் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று அப்பொழுது நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டோம். பாவம், டில்லித் தண்ணீர் என்ன செய்யும்?

மண்பாண்டம் வெடிப்பதன் காரணத்தை அறிய, அது ஆகும் விதத்தைச் சற்றுப் பார்க்கவேண்டும். நாட்டுப்புறச் சூளையில் வெப்பம் ஏறக்குறைய 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை எழும். பீங்கான் சுடப்படுவதோ 1,200 டிகிரிக்கும் மேல். அந்த வெப்பத்தில் பீங்கானின் களிமண் உருகிக் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. நம் சட்டியில் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றனவேயன்றி முற்றும் உருகுவதில்லை. ஆகவே அதன் உடல் முழுவதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் நிறைந்திருக்கும். மண்சட்டியின் நன்மைகளும் தொல்லைகளும் இந்தத் துளைகளிலிருந்தே பிறக்கின்றன. கோடையில் பானைநீர் குளிர்வது இவற்றின் வழியே நீர் கசிந்து ஆவியாவதனால். வங்காளத்தார் மண்குடுவையில் உறைய வைக்கும் இனிப்புத் தயிர் அவ்வளவு கெட்டியாக இருப்பது, தயிரின் நீரைக் குடுவை உறிஞ்சிக்கொள்வதனால். புதுச்சட்டி வெடிப்பதிலும் இத்துளைகளுக்குப் பங்கு உண்டு. துளைகளில் தங்கிய நீர் திடீரென நீராவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. வெளியேற வழி போதாதபோது சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளிப்படுகிறது. இதனுடன் மற்றொன்றும் சேர்கிறது. சுட்ட மண் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். அலுமினியம் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் விரைவாகக் கடத்தும். எரிவாயு அடுப்பின் சுவாலை பட்ட வட்டம் மட்டும் காய்ந்து விரிய, அதன் அருகிலுள்ள பகுதி குளிர்ந்தே கிடந்தால், இரண்டிற்கும் இடையே விரிசல் விழுவது இயல்பு.

இனி, வாங்கும் முறை. தமிழில் தண்ணீர்ப் பானையும் பானைதான், சோற்றுப் பானையும் பானைதான். இந்தியிலோ தண்ணீருக்கு 'மட்கா', சமையலுக்கு 'ஹாண்டி' என்று வேறு சொற்கள் உண்டு. மொழிபெயர்ப்பில் பழகிய நாம் இரண்டையும் 'பானை' என்றே எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அகராதியில் அது பிழையன்று, அடுப்பில்தான் பிழையாகிறது. மட்கா செய்கின்றவர் நீர் நன்கு கசியவேண்டும் என்று கருதிச் செய்கிறார். சுவர் எங்கும் ஒரே தடிப்பாக இருப்பதோ, தீயைத் தாங்குவதோ அவருடைய கணக்கில் இல்லை. சமையற் சட்டி செய்கின்றவர் மண்ணோடு மணலை அளவறிந்து சேர்ப்பார். அடியைப் பலகையால் தட்டித் தட்டி ஒரே சீராக்குவார். தீ ஒரு மூலையில் தங்காதபடி அடியை உருட்டிவிடுவார். எனவே கடையில் பானை கேட்கும்போது 'பகானே வாலீ ஹாண்டி' என்று கேளுங்கள். டில்லியில் உத்தம் நகர்ப் பக்கத்துக் குயவர் குடியிருப்பிலும், மும்பை தாராவியில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் வாழும் கும்பார்வாடாவிலும், இவ்வாறு கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். கேட்காமல் எடுப்பவருக்குக் கைக்கு எட்டுவது பெரும்பாலும் தண்ணீர்ப் பானைதான்.

எடுத்த சட்டியை உள்ளங்கையில் ஏந்தி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'கணீர்' என்றால் நலம். ஒலி அடைத்துக்கொண்டால் எங்கோ கீறல் இருக்கிறது, அல்லது சூட்டில் குறை. பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் அழுந்தத் துடையுங்கள். சிறிது செம்மண் ஒட்டினால் கவலையில்லை. சாயம்போல் சிவப்போ கறுப்போ இறங்கினால் வாங்கவேண்டா. கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகு பூசிய சட்டியிடத்தும் எச்சரிக்கை தேவை. அந்த மெருகில் காரீயம் கலந்திருந்தால் புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும், அது நஞ்சு. இரசத்திற்கு நம்மவர் பயன்படுத்தும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் மயங்குகின்றனர். ஆயினும் கறுப்புச் சட்டிகள் அனைத்தும் சாயம் பூசியவை என்று எண்ணிவிடக் கூடாது. சூளையின் வாயை அடைத்துப் புகையிலேயே கறுக்க வைப்பது பழமையான முறை. மணிப்பூர் மாநிலத்து உக்ருல் மாவட்டத்தில், லோங்பி ஊரார் களிமண்ணோடு ஒருவகைக் கல்லின் பொடியைக் கலந்து, சக்கரமின்றிக் கையாலேயே செய்யும் கறுப்புச் சட்டிகள் சமையலுக்கு மிகவும் ஏற்றவை. டில்லியில் நடைபெறும் கைவினைக் கண்காட்சிகளில் இவை கிடைப்பதுண்டு.

அடுத்து, பழக்குதல். சட்டி கடையில் நம் கைக்கு வரும்போது அதன் வேலை முடிந்துவிடவில்லை. குயவர் விட்ட இடத்திலிருந்து வீட்டார் தொடரவேண்டும். முதலில் தேங்காய் நாரால் தேய்த்துச் சாம்பலும் தூசியும் போகக் கழுவி, ஒரு பகலும் ஓர் இரவும் முழுதும் நீரில் அமிழ்த்தி வையுங்கள். சவுக்காரம் கூடவே கூடாது. குமிழிகள் கிளம்பும், துளைகளிலிருந்த காற்று வெளியேறுகிறது என்பது அதன் பொருள். பிறகு நிழலில் கவிழ்த்து உலர்த்துங்கள். மேற்பரப்பு காய்ந்ததும் அவசரப்படாமல் முழுதும் உலரும்வரை பொறுக்கவேண்டும். நெல்லையில் ஒரு நாளில் உலரும் சட்டிக்கு டில்லியின் சனவரி மூடுபனியில் மூன்று நாளும் ஆகலாம்; மும்பையின் மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஆகும்.

உலர்ந்த சட்டியில் முக்கால் பங்கு வடிகஞ்சியையோ அரிசி களைந்த கெட்டி நீரையோ ஊற்றி, மிகச் சிறிய தீயில் வையுங்கள். கொதி வருவதற்கே அரை மணி நேரம் ஆகவேண்டும். அதற்குமேல் அரை மணி நேரம் மெல்லக் கொதிக்கட்டும். பின் அடுப்பை அணைத்து, அங்கேயே ஆற விடுங்கள். 70 டிகிரியளவில் அரிசி மாவுப்பொருள் நீரை உண்டு பசையாகிறது. அந்தப் பசை துளைகளுக்குள் புகுந்து, சூட்டில் காய்ந்து, அவற்றை அடைக்கிறது. முதல் நாள் சட்டியின் வெளிப்புறத்தில் வியர்வைபோல் ஈரம் அரும்பும். மூன்றாம் நாள் அரும்பாது. மூன்று முறை இவ்வாறு செய்தபின், சிறிது நல்லெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி எடுத்துவிட்டால் மண்வாடையும் நீங்கும். முதல் சமையல் கஞ்சியாகவோ கீரையாகவோ இருக்கட்டும். மீனும் புளியும் இரண்டாம் வாரத்தில் வரலாம்.

நம் அயலாருக்கும் இந்தக் கலை புதிதன்று. பஞ்சாபியர் புதுத் தந்தூர் அடுப்பின் உட்சுவரில் கீரை விழுது, கடுகெண்ணெய், வெல்லம், உப்பு இவற்றைக் கலந்து பூசிச் சிறுதீ மூட்டிப் பழக்குவார்கள். நாம் கஞ்சியால் செய்வதை அவர்கள் கீரையால் செய்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மையாரிடம் இதைப்பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இந்தி தடுமாறினாலும் உரையாடல் தடுமாறாது.

பழகிய சட்டியை எரிவாயுவில் வைக்கும்போது தீ எப்பொழுதும் சிறிதாகத் தொடங்கவேண்டும். வெறுஞ்சட்டியைக் காயவிடலாகாது, எண்ணெயாவது நீராவது உள்ளே இருக்கவேண்டும். காய்ந்த சட்டியில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த எதையும் ஊற்றுவது கூடாது. குழம்பு நீர்த்துவிட்டால் அல்ல, கெட்டியாகி நீர் சேர்க்க நேர்ந்தால், வெந்நீரே சேர்க்கவேண்டும். மின்காந்த அடுப்பில் மண்சட்டி காயாது. அது இரும்பை மட்டுமே அறியும். சூட்டைச் சட்டி நெடுநேரம் பிடித்து வைத்திருப்பதால், இறக்கிய பின்னும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஆதலால் பதம் வருவதற்குச் சற்று முன்னமே அணைப்பது அறிவுடைமை. இறக்கியதை ஈரமான கல்மேடையில் வையாதீர்கள். பிரிமணை கிடைக்காத ஊரில் நான்காய் மடித்த பழந்துணி போதும்.

கழுவுவதில்தான் பலர் தவறுகின்றனர். சவுக்கார நீர் துளைகளுக்குள் சென்று தங்கி, அடுத்த நாள் குழம்பில் எட்டிப் பார்க்கும். வெந்நீரும் தேங்காய் நாரும் போதும்; எண்ணெய்ப் பிசுக்கிற்குக் கடலைமாவு. அடிப்பிடித்துவிட்டால் நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டுத் தேய்க்கவேண்டும். இரும்புக் கம்பிச் சுருள் வேண்டா. மீன் சட்டி வேறு, கீரை கடையும் சட்டி வேறு, பால் காய்ச்சும் சட்டி வேறு என்று நம் முன்னோர் வைத்திருந்தது வீண் ஆசாரமன்று. துளைகள் மணத்தை மறப்பதில்லை. கழுவிய சட்டியை மூடியிட்டு அலமாரியில் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில் கவிழ்த்து வையுங்கள். பிடித்துவிட்டால் எலுமிச்சை பிழிந்த நீரைக் கொதிக்கவைத்துத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காய விடலாம். அப்பொழுதும் வாடை போகாவிட்டால் அச்சட்டியைத் துளசிக்குக் கொடுத்துவிடலாம். சட்டியின் வெளிப்புறத்தில் வெண்மையாகப் பொடி பூப்பது பூஞ்சணமன்று. உப்பு மிகுந்த நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் டில்லிப் புறநகர்களில் இதை அடிக்கடி காணலாம். நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு வெளியே நின்றுவிடுகிறது; துடைத்தால் போய்விடும்.

மீண்டும் பொங்கற் பானைக்கு வருவோம். பொங்கலுக்குரியது புதுப்பானையாக இருக்கவேண்டும். முன்கூட்டிக் கஞ்சி காய்ச்சினால் அது பழம்பானை ஆகிவிடாதா என்று பெரியோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. கஞ்சி வேண்டா, அரிசி களைந்த நீர் மட்டும் போதும். அது சமைத்த உணவன்று. பல இல்லங்களில் பொங்கற் பானையில் முதலில் ஊற்றுவதே களைந்த நீரும் பாலுமாக இருப்பதைக் கவனித்தால், பழக்குதல் அந்தச் சடங்கிற்குள்ளேயே ஒளிந்திருப்பது விளங்கும். ஊரில் முற்றத்தில் பனையோலை எரித்துப் பொங்கும்போது தீ பானையைச் சுற்றி எழுந்து எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் காய்ச்சியது. அதனால் புதுப்பானையும் தாங்கியது. எரிவாயு வட்டத்திற்கு அந்தத் தாராளம் இல்லை.

ஆகவே பத்து நாள் முன்னதாகவே ஹாண்டியை வாங்கிவிடுங்கள். ஊறவைத்து, உலர்த்தி, களைந்த நீரை இரண்டு முறை கொதிக்க வையுங்கள். பொங்கலன்று விடியற்காலையில் பால் உறையைக் குளிர்பெட்டியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வெளியே வைத்துவிடவேண்டும். சனவரிக் குழாய்நீர் கையை விறைக்கச் செய்யும் குளிர்ச்சியுடையது. அதையும் வெதுவெதுப்பாக்கியே ஊற்றவேண்டும். பானை அடுப்பில் ஏறும்போதே நீர் உள்ளே இருக்கட்டும். முதல் இருபது நிமிடம் தீயைக் கூட்டாதீர்கள், 'இன்னும் பொங்கவில்லையா?' என்று பிள்ளைகள் பத்துமுறை கேட்பார்கள், கேட்கட்டும். ஓரங்களில் சிறு குமிழிகள் தோன்றிய பிறகு தீயைச் சற்று உயர்த்தலாம்.